உன் விடை என்ன?

தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் மாணவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரு வினா: "உனக்கு என்ன விடை வந்தது?" எந்த ஊர்ப் பள்ளியானாலும், எந்த மொழியில் தேர்வு எழுதினாலும் இது மாறுவதில்லை. வினா வகைகளையும் விடை வகைகளையும் கற்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே, இலக்கணத்தைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, என் பள்ளி நாளில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்கிறேன். வேதியியல் படிக்காதவர்கள் அஞ்ச வேண்டா. வேண்டிய அளவு வேதியியலை நானே சொல்லிவிடுகிறேன்.

படிப்போம்

நான் புதுதில்லியில், இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவள். கைப்பேசி எல்லார் வீட்டிலும் இல்லாத காலம் அது. தேர்வை ஆங்கிலத்தில் எழுதினோம். நண்பர்களோடு இந்தியில் பேசினோம். வீட்டுக்கு வந்து தமிழில் வருந்தினோம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்றால் எங்கள் குடியிருப்புத் தமிழர் அனைவரும் விடியற்காலையில் மலை மந்திர் முருகனிடம் போய் நிற்பார்கள். நானும் நின்றேன். ஆனால் அன்றைய வினாத்தாள் முருகனுக்கே கடினமாக இருந்திருக்கும்.

வேதியியல் எழுத்துத் தேர்வுக்கு மூன்று மணி நேரம், 70 மதிப்பெண். ஒரு வினாவை மட்டும் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன்: 'ஒரு முதல்வகை வினை 90 விழுக்காடு நிறைவுபெற 20 நிமிடம் ஆகிறது. அது 99 விழுக்காடு நிறைவுபெற எவ்வளவு நேரம் ஆகும்?' மதிப்பெண் மூன்று. அதற்கு நான் திரும்பி வந்தபோது முன்னறிவிப்பு மணி அடித்துவிட்டது. மடக்கை அட்டவணையைப் புரட்டவும் நேரமில்லை என்று எண்ணினேன். தொண்ணூற்றுக்கு இருபது, தொண்ணூற்றொன்பதுக்கு எவ்வளவு? நேர்விகிதத்தில் பெருக்கி வகுத்து, 22 நிமிடம் என்று எழுதித் தாளைக் கட்டினேன்.

வெளியே இலவ மரங்கள் இலையின்றிச் செந்நிறப் பூக்களைச் சுமந்து நின்றன. அவற்றின் கீழ் நாங்கள் நால்வரும் கூடினோம். குர்லீன், அனிர்பான், இளம்பரிதி, நான். இளம்பரிதி மட்டுமே என்னைப் போலத் தமிழ் வீட்டுப் பிள்ளை. பத்துச் சொல் பேச வேண்டிய இடத்தில் இரண்டு சொல் பேசுவான்.

"எப்படி எழுதினாய்?" என்று குர்லீனைக் கேட்டேன்.

"தலை வலிக்கிறது" என்றாள். பிறகு அவளே அனிர்பானைப் பார்த்து, "நீ வேதியியல் நன்றாக எழுதினாயா?" என்றாள்.

"இயற்பியல் நன்றாக எழுதியிருக்கிறேன்" என்றான் அவன்.

சிரித்துக்கொண்டே வினாத்தாளை விரித்தோம். முதலில் பொட்டாசியம் சல்பேட்டு. அது நீரில் முழுமையாகப் பிரிந்தால் மூன்று அயனிகளைத் தரும். ஆகையால் 0.1 மோலால் கரைசலின் உறைநிலை 0.186 பாகை தாழ்வதற்குப் பதிலாக, அதன் மும்மடங்காகிய 0.558 பாகை தாழும். குர்லீன் மூன்றால் பெருக்க மறந்திருந்தாள். "உன் உப்புக்குப் பிரிய மனம் இல்லை போலும்" என்றான் அனிர்பான். அடுத்த பக்கத்தில் அவனுடைய முறை வந்தது. பென்சால்டிகைடுக்கு ஆல்டால் குறுக்கம் எழுதியிருந்தான். ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத சேர்மம் அவ்வினைக்கு உட்படாது என்பது மரத்தடியில்தான் அவனுக்கு நினைவு வந்தது.

ஒவ்வொரு வினாவிலும் மூவரும் கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்கள். மாதிரித் தேர்வில் முதல் மதிப்பெண் என்னுடையது. நான் சொல்வது விடைத்தாளில் அச்சிட்டது போல அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித் தோன்றத் தொடங்கியதுதான் கேடு.

"அந்த 99 விழுக்காட்டு வினாவுக்கு விடை சொல்" என்றாள் குர்லீன்.

"நீயே சொல்" என்றேன்.

"22."

"எனக்கும் 22" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அனிர்பான் அவ்வினாவைத் தொடவே இல்லை.

இளம்பரிதி தயங்கினான். "எனக்கு 40 வந்தது. 22 தவறாக இருக்குமோ?"

"நான் தவறாகச் சொல்வேனா?" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "தொண்ணூறு விழுக்காடும் முடிய 20 நிமிடம்தான் ஆயிற்று. மிச்சம் ஒன்பது விழுக்காட்டுக்கு இன்னும் 20 நிமிடமா? நத்தையா அந்த வினை?" என்று சேர்த்துச் சொன்னேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இளம்பரிதி வினாத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பேருந்தில் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் எப்போதும் அப்படித்தானே என்று நான் பொருட்படுத்தவில்லை.

மாலையில் சமையலறை வாயிலில் அமர்ந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். கணக்குத் தேர்வுக்கு நான்கு நாள்களே இருந்தன. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். முதற் கழுநீர் பால்போல் வெளுத்திருந்தது. கறிவேப்பிலைத் தொட்டிக்கென்று அதை ஒரு குவளையில் வடித்தார். பாத்திரத்தை எவ்வளவு சாய்த்தாலும் அரிசியோடு கொஞ்சம் கழுநீர் தங்கத்தான் செய்தது. மறுபடி நீர் ஊற்றி அலசினார். இம்முறை நீரில் மங்கலான வெண்மை. மறுபடியும் வடித்தார், மறுபடியும் கொஞ்சம் தங்கியது.

என் பார்வை அந்தப் பாத்திரத்தை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்பது பங்கு நீர் போய், ஒரு பங்கு தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியிலிருந்து புதிதாக மாவு கரையவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் அலசலில் நூறு பங்கு வெண்மையில் தொண்ணூறு போகும், பத்து மிஞ்சும். இரண்டாம் அலசலில் போவது தொண்ணூறு அன்று. மிஞ்சிய பத்தில் ஒன்பதுதான் போகும், ஒன்று மிஞ்சும். வேலை அதே வேலை. நேரம் அதே நேரம். போனது மட்டும் குறைவு. ஏனென்றால் போவதற்கு அங்கே இருந்ததே அவ்வளவுதான்.

முதல்வகை வினையும் இப்படித்தான். அதன் வேகம் மிஞ்சியிருக்கும் பொருளின் அளவைப் பொறுத்தது. முதல் 20 நிமிடத்தில் 100 பங்கு 10 ஆகும். அடுத்த 20 நிமிடத்தில் அந்த 10 பங்கு 1 ஆகும். 99 விழுக்காடு முடிய 40 நிமிடம். அட்டவணையும் தேவையில்லை: 10இன் மடக்கை 1, 100இன் மடக்கை 2. காலம் சரியாக இரட்டிக்கிறது. நான் நத்தை என்று எள்ளியது வினையின் இயல்பையே. இளம்பரிதி எழுதியதுதான் சரி.

மூன்று மதிப்பெண் போயிற்றே என்ற வருத்தம் முதலில் வந்தது. மறைக்க மாட்டேன், அதுதான் முதலில் வந்தது. நான்காக மடித்த தாள் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவன் வீட்டில் தொலைபேசி கிடையாது.

"காலையில் சொன்னால் ஆகாதா, அம்மா?" என்றார் அப்பா. எட்டரை மணி ஆகியிருந்தது.

"அவன் இரவெல்லாம் விழித்திருப்பான், அப்பா."

அப்பா மேலே எதுவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

இளம்பரிதியின் தாயாரை நான் அத்தை என்றே அழைப்பேன். கதவைத் திறந்தவர், "நல்ல வேளை வந்தாய், கண்ணு. மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. வேதியியல் போய்விட்டது என்கிறான். கணக்குப் புத்தகத்தைத் தொடவும் மாட்டேன் என்கிறான்" என்றார்.

அவன் வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 99 விழுக்காட்டு வினாவுக்கு எதிரே பென்சிலால் ஒரு பெருக்கற்குறி. அது மட்டுமன்று, அதன் மேலும் கீழுமாக இன்னும் நான்கு வினாக்களுக்கும் அதே குறி. எந்த ஐயமும் இன்றிச் செய்தது தவறாகிவிட்டால், மற்றவையும் தவறாகத்தானே இருக்க வேண்டும் என்று எண்ணி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்த நான்கையும் நான் படித்துப் பார்த்தேன். அவன் சொன்ன விடைகள் நான்கும் சரியானவை.

"உன் விடை சரி. 22 தவறு" என்றேன்.

"என்னைத் தேற்ற வந்தாயா?"

நான் தாளின் ஓரத்தில் 100, 10, 1 என்று எழுதி, நடுவில் 20, 20 என்று குறித்தேன். நெடுநேரம் பார்த்தான். "நானும் இப்படித்தான் எழுதினேன்" என்றான்.

"பிறகு ஏன் அதை அங்கேயே சொல்லவில்லை?"

"நீ சிரித்தாய்."

எனக்குப் பதில் இல்லை. சற்றுப் பொறுத்து அவனே, "அப்படியானால் உனக்கு மூன்று மதிப்பெண் போயிற்றே" என்றான். அன்று முழுதும் அவன் பேசியவற்றுள் நீளமான தொடர் அதுவாகத்தான் இருக்கும்.

அழிப்பானை எடுத்து ஐந்து பெருக்கற்குறிகளையும் அழித்தான். அத்தை தட்டு வைத்தார். நாங்கள் புறப்படும்போது, "உங்கள் வீட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறதா?" என்று கேட்டு, நான் வாய் திறக்கும் முன்பே ஒரு சிறு சீசாவை என் கையில் திணித்தார். மறுநாள் குர்லீனிடம் சொன்னேன். 22 என்று மகிழ்ந்திருந்தவள் அல்லவா? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இலக்கணம் அறிவோம்

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இவற்றைப் பிரிப்பதற்குத் தொடரின் அமைப்பைப் பார்த்தால் போதாது. கேட்பவர் யார், அவர் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று வினாத்தாள் கேட்கிறது. அதை அமைத்தவருக்கு விடை தெரியும். நமக்குத் தெரியுமா என்று அறியவே அவர் கேட்கிறார். ஆகவே அது அறிவினா. அதே வினாவை மரத்தடியில் ஒரு தோழி கேட்டால், அவளுக்கு விடை தெரியாது, தெரிந்துகொள்ளவே கேட்கிறாள். அது அறியா வினா. சொற்கள் மாறவில்லை, தேர்வறையின் கதவைத் தாண்டியதும் வினாவின் வகை மாறிவிட்டது. அறிவினாவுக்குத் தவறான விடை சொன்னால் இழப்பு சொல்பவருடையது. அறியா வினாவுக்குத் தவறான விடை சொன்னால் இழப்பு கேட்பவருடையது. அன்று மரத்தடியில் எனக்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. நன்னூல் வகுப்பில் மனப்பாடம் மட்டும் செய்திருந்தேன்.

"22 தவறாக இருக்குமோ?" என்று இளம்பரிதி கேட்டது ஐயவினா. இதுவோ அதுவோ என்னும் ஐயம் நீங்குவதற்குக் கேட்பது அது. ஈற்றில் நிற்கும் ஓகாரத்தைக் கவனியுங்கள். தமிழில் ஐயத்தை அந்த ஓர் எழுத்தே சுமந்துவிடும்.

கொளல் வினாவும் கொடை வினாவும் ஒரே உருவம் உடையவை. கடைக்காரரிடம் "ஊறுகாய் இருக்கிறதா?" என்று கேட்டால், வாங்கிக்கொள்வதற்காகக் கேட்கிறோம், கொளல் வினா. அத்தை கேட்டது கொடுப்பதற்காக, கொடை வினா. ஏவல் வினா நம் நிகழ்ச்சியில் வரவில்லை. உங்கள் வீட்டில் நாள்தோறும் வரும். "படித்தாயா?" என்று அம்மா கேட்கும்போது, படி என்பதுதான் அதன் பொருள்.

விடைகள் எட்டு வகை. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையானவை. "பேருந்து நிறுத்தம் எங்கே?" என்றால் "அதோ, அந்த மரத்தடியில்" என்பது சுட்டு, "வருவாயா?" என்றால் "வாரேன்" என மறுப்பது மறை, "வருவேன்" என உடன்படுவது நேர். மற்ற ஐந்தும் குறிப்பால் பொருள் உணர்த்துவன. அவை ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. தேர்வு முடிந்து வருபவர்கள் நேர்விடையை விட்டு இந்த ஐந்தையே மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கணிப்பு.

குர்லீன் "தலை வலிக்கிறது" என்றாள். நன்றாக எழுதவில்லை என்பதை, தனக்கு நேர்ந்ததைச் சொல்லி உணர்த்தினாள், உற்றது உரைத்தல். "தலை வலிக்கும்" என்று இனி நேரப்போவதைச் சொல்லியிருந்தால் உறுவது கூறல். அனிர்பான் வேதியியலுக்கு இயற்பியலை விடையாக்கினான். கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது இனமொழி. "நீயே சொல்" என்று நான் குர்லீனை ஏவியது ஏவல் விடை.

"நான் தவறாகச் சொல்வேனா?" என்பது வினா எதிர் வினாதல். வினாவுக்கு வினாவையே விடையாகத் தருவது. "வருவாயா?" என்பதற்கு "வராமல் இருப்பேனா?" என்று சொல்வதில் அன்பு தொனிக்கும். ஆனால் ஐயவினாவுக்கு இதை விடையாகக் கூறும்போது, கேட்டவரின் ஐயம் தீராது, வாய்தான் அடைக்கப்படும். நான் சொன்னதில் எண் இல்லை, காரணம் இல்லை, சமன்பாடும் இல்லை. இலக்கணப்படி அது குற்றமற்ற விடை.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'வினை' என்பது இலக்கணத்தில் செயலைக் குறிக்கும் சொல். வேதியியலில் ஒரு பொருள் வேறு பொருளாக மாறும் நிகழ்வு. 'நல்வினை, தீவினை' என்னும்போது ஒருவர் செய்ததன் பயன். மூன்று இடத்திலும் பொதுவாக நிற்பது 'செய்தல்' என்னும் பொருளே. இதனை 'வினா'வோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சொற்பொருள்

விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு. களைதல் – இங்கே, அரிசியை நீரில் அலசித் தூய்மை செய்தல். கழுநீர் – அரிசி களைந்த நீர். மடக்கை – பெருக்கலைக் கூட்டலாக மாற்ற உதவும் கணித அளவு. எள்ளுதல் – இகழ்ந்து நகைத்தல். வாரேன் – வரமாட்டேன்.

எழுதுவோம்

1. "என்னைத் தேற்ற வந்தாயா?" என்பது எவ்வகை வினா? இளம்பரிதியின் மனநிலையைக் கொண்டு விடை கூறுக. இருவேறு வகையாகக் கொள்ள இடம் உண்டென்று தோன்றினால் இரண்டையும் எழுதுக.

2. "பிறகு ஏன் அதை அங்கேயே சொல்லவில்லை?" என்னும் வினாவுக்கு "நீ சிரித்தாய்" என்பது எவ்வகை விடை?

3. "மாலையில் விளையாட வருவாயா?" என்னும் ஒரே வினாவுக்கு, குறிப்பால் உணர்த்தும் ஐவகை விடைகளையும் உங்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்கும் தமிழைக் கொண்டு அமைத்துக் காட்டுக.

4. முதல்வகை வினை ஒன்று 90 விழுக்காடு நிறைவுபெற 20 நிமிடம் ஆனால், 99.9 விழுக்காடு நிறைவுபெற எத்தனை நிமிடம் ஆகும்? விடையை எண்ணாக மட்டும் எழுதாமல், அரிசி களைவதை உவமையாக்கித் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குவது போல ஐந்து தொடர்களில் தமிழில் எழுதுக.

5. மறுநாள் குர்லீனிடம் நான் என்ன சொல்லியிருப்பேன், அவள் என்ன கேட்டிருப்பாள்? பத்து வரிகளில் உரையாடலாக எழுதி, அதில் வரும் வினாக்களின் வகையை ஓரத்தில் குறிக்க. எழுதி முடித்தபின் பக்கத்தில் இருப்பவரின் ஏட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடை வேறுபட்டால், யாருடையது சரி என்று கேட்கும் முன்பு அவர் எப்படி அதை அடைந்தார் என்று கேளுங்கள்.